மண்ணெண்ணெய் குடித்த மைனர்கள்

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. பற்றறி, சீமெந்து, இரும்பு என்று தடைப்பட்டியல் நீண்டது. மின்சாரமும் போனது. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் பெரியவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். அந்த ஆண்டுகளில் வலிகாமத்து ஒழுங்கையொன்றில் கார் வருகிறது என்பதைக் கண்ணுக்கு முந்தி மூக்கு சொல்லிவிடும். அடுப்படி மணத்தோடு, புகையைக் கக்கியபடி ஒரு ஒஸ்ரினோ மொறிஸ் மைனரோ வரும். ஓடியது மண்ணெண்ணெயில்.

அந்தக் கார்களில் மிஞ்சியவை இன்று வேறொரு வாழ்க்கை வாழ்கின்றன. கலியாண மாப்பிள்ளையை ஏற்றுகின்றன. சுற்றுலாப் பயணிகளின் படங்களில் நிற்கின்றன. சில, அளவெட்டி போன்ற ஊர்களின் வளவுகளில் தகரக் கொட்டிலின் கீழே கட்டைகளில் ஏறி நிற்கின்றன. சனி, ஞாயிறு, இடையில் வரும் போயா நாள் என்று ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் அதன் அடியில் முதுகு வைத்துப் படுத்திருப்பார். இந்த வேலையில் இறங்கும் எவரும் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வியில் முட்டிக்கொள்வார். காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதென்றால், எந்தப் பழைய நிலைக்கு? இங்கிலாந்துத் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய 1950களின் நிலைக்கா? அல்லது கிடைத்ததை வைத்து ஓடச்செய்த 1990களின் நிலைக்கா? யாழ்ப்பாணத்துக் காருக்கு இரண்டு பிறப்புண்டு.

முதற்பிறப்பின் கதை உலகறிந்தது. மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பத்தாண்டு கழித்து மினி காரைத் தந்தவரும் அவரே. மாதிரிக் காரைப் பார்த்தபோது அது மிகவும் ஒடுங்கியது என்று அவருக்குப் பட்டது. நடுவால் அறுத்து, இரண்டு பாதிகளையும் நான்கு அங்குலம் தள்ளிவைத்துப் பார்த்து அகலத்தை முடிவு செய்தார். பம்பர்கள் அதற்குள் செய்தாகிவிட்டதால் அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்து நீட்டினார்கள். பழைய மைனர்களின் பம்பரில் அந்த ஒட்டுத் துண்டையும், பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டையையும் இன்றும் காணலாம். தகரத்தை வெட்டி ஒட்டும் டிங்கர்மார் இதைக் கேட்டால் மகிழ்வார்கள். அந்தக் கார் பிறந்ததே அப்படித்தான். 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. எஞ்சின் மட்டும் மாறி மாறி வந்தது: முதலில் 918 சிசி, 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098.

ஒஸ்ரின் வரிசை இன்னும் நீளம். டெவன், சோமர்செற், கேம்பிரிட்ஜ் என்று பெரிய கார்கள். ஏ30, ஏ35 என்று சின்னக் கார்கள். ஆசிரியர், டொக்டர், அரச எழுதுவினைஞர், மலாயாவில் உழைத்துத் திரும்பிய ஓய்வூதியர், புகையிலையில் பணம் கண்ட கமக்காரர் என்று வசதிக்கேற்ப ஆளுக்கொன்று வாங்கினார்கள். பெரிய ஒஸ்ரின்கள் வாடகைக் கார்களாகவும் ஓடின. அளவெட்டி, நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பெயர்போன ஊர். என்.கே. பத்மநாதனும் தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தியும் அந்த ஊரின் பெயரைக் கடல் கடந்தும் கொண்டு போனவர்கள். ஊரூராய்க் கச்சேரிக்குப் போகும் கலைஞர்கள் நிறைந்த ஊரில், தவில் வைக்க இடமுள்ள கார் என்பது ஆடம்பரப் பொருளாக இருந்திருக்க முடியாது.

பிறகு கதவு மூடியது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றிப்போக, இலங்கை அரசு கார் இறக்குமதியை இறுக்கியது. 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை புதுக் கார் என்பது சாதாரண வீட்டுக்கு எட்டாக்கனி. இருந்த காரைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையில் ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் வளர்ந்தார்கள். 1977க்குப் பின் யப்பான் கார்கள் வந்து தென்னிலங்கையில் பழையவற்றை ஓரங்கட்டின. வடக்கில் அது முற்றாக நடக்குமுன் போர் வந்துவிட்டது. குடாநாட்டில் ஒஸ்ரின்களும் மைனர்களும் இத்தனை காலம் நிலைத்ததற்கு ஊராரின் சிக்கனத்தைக் காரணம் சொல்வது வழக்கம். இறக்குமதிக் கட்டுப்பாடும் பொருளாதாரத் தடையும் அடுத்தடுத்து வந்து அந்தச் சிக்கனத்தைக் கட்டாயமாக்கின என்பதே சரி.

மண்ணெண்ணெய் வித்தையைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம். இன்றைக்கு அந்த எஞ்சினைத் திறப்பவருக்கு அது தேவைப்படும்.

பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஒத்துவராததற்கு இரண்டு காரணங்கள். பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். அதனால் குளிர்ந்த எஞ்சின் அதில் ஸ்ராட் ஆகாது. மற்றது ஒக்ரேன். இப்போது விற்கும் சாதாரண பெற்றோலின் ஒக்ரேன் எண் 92. மண்ணெண்ணெய்க்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சிலிண்டருக்குள் அமுக்கம் கூடினால் அது நேரத்துக்கு முந்தி வெடித்து, பிஸ்ரனை உள்ளிருந்து சுத்தியலால் அடிப்பதுபோல அடிக்கும். இன்றைய கார்கள் எரிபொருள் கலவையைப் பத்தில் ஒன்றாக, அதற்கும் கீழாக அமுக்குகின்றன. 803 சிசி மைனரில் அந்த விகிதம் 7.2 தான். மந்தமாகப் பிறந்ததால் அது பிழைத்தது.

சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் காபுரேற்றருக்குக் கொஞ்சம் காட்டி ஸ்ராட் செய்வார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இந்த முறையைக் கமக்காரர்கள் முன்பே அறிவார்கள். தோட்டத்தில் நின்ற இறைப்பு மெசின்கள் இப்படித்தான் ஓடின, பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் வேலை செய்தன. 1940களின் இறுதியில் இங்கிலாந்தின் பேர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகையும் இதே முறைக்கென்றே தொழிற்சாலையில் செய்யப்பட்டது. வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த அறிவு, தடை வந்த நாளில் றோட்டுக்கு ஏறியது.

விலை கொடுத்தது எஞ்சின். எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும், பெயரிங் தேயும், சிலிண்டர் அகலும். ஆகவே அந்தக் கால எஞ்சினைத் திறப்பவர் முதலில் செய்ய வேண்டியது, சிலிண்டர் எவ்வளவு தூரம் கடையப்பட்டிருக்கிறது என்று அளப்பது. பிஸ்ரனின் தலையில் 20, 40, 60 என்று இலக்கம் அடித்திருக்கும். அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு அகலமாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். 60ஐத் தொட்டுவிட்டால் மேலும் கடைவது ஆபத்து, ஸ்லீவ் போட வேண்டும். உதிரிப்பாகம் வராத நாள்களில் உள்ளூர் லேத்தில் கடைந்த புஷ்களும் ஊசிகளும் உள்ளே இருக்கக்கூடும். அவற்றை எடுத்தெறிய அவசரப்பட வேண்டியதில்லை. நல்ல கையால் கடைந்த பித்தளை புஷ் ஒன்று, இன்று பெட்டியில் வரும் மலிவுப் பாகத்தைவிட நேராக இருப்பதுண்டு. அளந்து பார்த்து முடிவு செய்யலாம்.

ஆனால் எஞ்சினில் இருந்து தொடங்குவதே பெரும்பாலானோர் விடும் பிழை. எஞ்சின் சத்தம் போடும், உற்சாகம் தரும். கார் செத்துப்போவது கறளால். மைனருக்கு லொறியைப்போலத் தனிச் சட்டம் இல்லை, தகர உடலே எலும்பும். கதவின் கீழுள்ள பெட்டிப் பகுதி, முன்னால் எஞ்சினைத் தாங்கும் கால்கள், பின் வில்லுத் தகடுகள் மாட்டும் இடம், இருக்கைக்குக் கீழே குறுக்கே போகும் பகுதி ஆகியவை உக்கினால் மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் பயனில்லை. குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்குத் தூரமில்லை, உப்புக்காற்று ஓயாது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி உடல் நெடுகப் பிடித்துப் போனால் எங்கே தகரம், எங்கே பட்டி என்று அது சொல்லிவிடும். காந்தம் ஒட்டாத இடங்கள் கூடினால் விலை பேசும்போது துணிவு வரும்.

வெல்டிங் தெரியாதவர் இந்த இடத்தில் மட்டும் பெருமை பாராட்டாமல் டிங்கரிடம் போவது நல்லது. கதவுகளைப் பூட்டியபடி வைத்து, நடுவில் தாங்கு கொடுத்து, ஒவ்வொரு பக்கமாக வெட்டி ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரேயடியாய் வெட்டினால் உடல் நடுவில் தொய்யும். பிறகு கதவு ஒருநாளும் சரியாக மூடாது.

முன்சில்லில் ஒளிந்திருக்கும் ஆபத்து இன்னொன்று. மைனரின் முன்சில்லு மேலும் கீழும் இரண்டு ட்ரனியன் முடிச்சுகளில் திரும்புகிறது. அவை புரியிட்ட கட்டைகள். 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கவேண்டும். அடிக்காமல் விட்டால் புரி தேய்ந்து ஒருநாள் கழன்று, சில்லு பக்கவாட்டில் மடிந்து, காரின் மூக்கு றோட்டில் இருக்கும். பெரும்பாலும் குறைந்த வேகத்தில் வளைக்கும்போது நடப்பதால் ஆள் தப்பிவிடுவார். எல்லா வேளையும் அப்படி நடக்கும் என்று நம்பி ஓட முடியாது. வாங்கிய முதல் வாரமே சில்லை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும்.

பிறேக் பற்றியும் ஒரு சொல். பழைய மைனரின் பிறேக் மாஸ்ரர் சிலிண்டரை ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே, சட்டக்காலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இசிகோனிஸின் மேதைமையில் நம்பிக்கை இழக்க வைக்கும் இடம் இது. எண்ணெய் பார்க்கக்கூட விரிப்பைக் கிளப்பி மூடியைத் தேடவேண்டும். அதனால் யாரும் பார்ப்பதில்லை. குழாய் வழி ஒன்றே ஒன்று. ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சில்லும் கைவிரித்துவிடும். பழைய றப்பர்க் குழாய்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றியே ஆகவேண்டும். பழைய பிறேக் சூக்களில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்துக் கட்டி எறிய வேண்டும்.

இனி, இந்த மண்ணுக்கே உரிய நோய் ஒன்று. குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் இருக்கிறது. கிணற்றுநீர் கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கேத்திலின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு றேடியேற்றரிலும் எஞ்சின் புளொக்கின் உள்வழிகளிலும் அறுபது ஆண்டாய்ப் படிந்திருக்கும். கிணற்றடியில் வாளியில் அள்ளி ஊற்றிய தண்ணீர்தானே எல்லாம். எஞ்சின் சூடேறுகிறது என்று பம்மையும் காற்றாடிப் பட்டியையும் மாற்றிக் களைத்தவர்கள், புளொக்கின் பின்பக்கத்து வடிகுழாயைத் திறந்து பார்த்தால் ஒரு சொட்டும் வராது. சேறும் படிவும் அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்தி, சிற்றிக் அமிலக் கரைசலை ஊற்றிச் சில மணிநேரம் வைத்து, திரும்பத் திரும்பக் கழுவினால் பெரும்பாலும் கரைந்து போகும். அதன்பின் கிணற்றுநீரை மறந்துவிட வேண்டும். கடையில் கூலன்ற் வாங்கலாம். அதைக் கலக்க நீர் வேண்டுமென்றால் காய்ச்சி வடித்த நீர், இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுத்தமான ஏனத்தில் பிடித்த நீர். மாரியில் பெயின்ற் அடிக்க முடியாது, காற்றின் ஈரம் பூச்சை மங்கச் செய்துவிடும். ஆகவே அந்த மாதங்களில் தண்ணீர் பிடிப்பதும் வயர் மாற்றுவதுமாக இருக்கலாம்.

வயர் என்றதும் பலருக்கு நடுக்கம். அக்காலப் பிரித்தானியக் கார்களின் மின்வேலையில் ஒழுங்கு உண்டு. மண்ணிறம் பற்றறியிலிருந்து நேரே வரும் உயிர்க் கம்பி. வெள்ளை, சாவி திருப்பியபின் உயிர் பெறுவது. பச்சை, அதிலிருந்து பியூஸ் வழியாகப் போவது. நீலம் முன்விளக்குக்கு, சிவப்பு பக்கவிளக்குக்கு, கறுப்பு உடலோடு இணைய. தடைக் காலத்தில் கைக்கு அகப்பட்ட கம்பியால் ஒட்டுப் போட்ட கார்களில் இந்த ஒழுங்கு சிதைந்திருக்கும். அதைத் துண்டு துண்டாய்த் திருத்துவதைவிட, முழுக் கட்டையும் புதிதாகப் பின்னுவது நேரத்தை மிச்சப்படுத்தும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: இவற்றில் பல கார்களில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும், இன்றைய வழக்கத்துக்கு மறுதலை. தெரியாமல் மாற்றிப் பூட்டினால் புது றேடியோ புகைந்து போகும்.

ஸ்பானரிலும் கவனம் வேண்டும். வீட்டில் இருப்பது மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய மில்லிமீற்றர் செற். மைனரின் நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீற்றர், 13ஆம் இலக்கச் சாவி அதில் போகும், இறுக்கித் திருப்பினால் மூலை மழுங்கும். 918 சிசி எஞ்சின் வந்த முதல் மைனர்களில் கூத்து இன்னும் பெரிது: புரி மெற்றிக், நட்டின் தலை இங்கிலாந்தின் பழைய விற்வேர்த் அளவு. ஓர் அங்குலச் செற் வாங்கும் செலவில் எத்தனையோ சண்டைகள் தீரும்.

காரைத் திருத்துவது ஒன்று, மாற்றுவது வேறு. இலங்கையின் பழைய மைனர்களில் கணிசமானவை நிசான் எஞ்சினோடு ஓடுகின்றன. பழைய நிசான் சன்னி காரொன்றிலிருந்து எடுத்த எஞ்சினும் கியர்பெட்டியும். பெரிய ஒஸ்ரின்களுக்குள் டீசல் எஞ்சின் புகுந்த கதைகளும் உண்டு. தூய்மைவாதிகள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். அவர்கள் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1952இல் நிசான் கம்பனி இங்கிலாந்தின் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து, ஏ40 சோமர்செற்றையும் பின்னர் ஏ50 கேம்பிரிட்ஜையும் யப்பானில் பூட்டியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாகங்களையும் அங்கேயே செய்யப் பழகியது. அந்த 1500 சிசி ஒஸ்ரின் எஞ்சினின் அடிதூரத்தைக் குறைத்து, டொனால்ட் ஸ்ரோன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் நிசானுக்கு ஒரு லீற்றர் எஞ்சின் அமைத்துக் கொடுத்தார். 1950களின் இறுதி டற்சன்களில் ஓடியது அது. கேம்பிரிட்ஜுக்குள் நிசான் எஞ்சினை வைப்பவர், குருவின் வீட்டுக்கு மாணவனைக் கூட்டிவருகிறார்.

அதற்காக எதையும் எதற்குள்ளும் வைக்கலாம் என்றில்லை. மைனரின் 1098 சிசி எஞ்சின் தந்தது 48 குதிரைவலு. அதன் ட்ரம் பிறேக்குகள் அந்த வலுவை நிறுத்தக் கணக்கிட்டவை. எஞ்சினை மட்டும் பெருப்பித்துவிட்டு பிறேக்கை அப்படியே விடுவதே வீட்டுக் கராஜ்களில் அதிகம் நடக்கும் குற்றம். வரிசை மறுபக்கமாக இருக்க வேண்டும்: முதலில் முன்சில்லுக்கு டிஸ்க், பிறகு எஞ்சின். இங்கிலாந்தில் மொறிஸ் மரீனாவின் டிஸ்க்கை எடுத்து மைனருக்குப் பூட்டுவது பழைய வழக்கம், ஏனென்றால் மரீனாவின் முன்பகுதி அமைப்பு மைனரிலிருந்தே எடுத்தது. வெளித்தோற்றத்தைக் குலைக்காமல் செய்யக்கூடிய சிறு மாற்றங்களும் உண்டு: டைனமோவுக்குப் பதில் ஓல்ரனேற்றர், பொயின்ற்றுக்குப் பதில் இலத்திரனியல் பற்றவைப்பு, இருக்கைப் பட்டி. 2002 ஜூனில் இலங்கையில் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேய்கின்றன. சிலிண்டர் தலை எப்படியும் லேத்துக்குப் போகும்போது கடினமான இருக்கை வளையங்களைப் போட்டுவிடலாம். இவையெல்லாம் மறுபடி கழற்றிவிடக்கூடியவை. உடலில் வெட்டு விழும் எதையும் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

தடைக்கால ஒட்டுகளை என்ன செய்வது? உயிருக்கு ஆபத்தான எல்லாம் போக வேண்டும்: கம்பிக் கட்டுகள், பிறேக்கில் செய்த சமாளிப்புகள், பெற்றோல் குழாயின் ஒட்டுகள். ஆனால் டாஷ்போர்டின் கீழே ஒரு பித்தளைத் திருகுபிடி, எரிபொருள் மாற்றவென்று யாரோ ஊரில் செய்து பூட்டியது, அகப்பட்டால் அதைத் துடைத்து அங்கேயே விடலாம். இங்கிலாந்தில் எந்த மைனரிலும் அது கிடையாது.

பாகங்கள் கிடைப்பது முன்னளவு கடினமில்லை. 803 சிசி எஞ்சினின் வம்சம் 1951இல் ஒஸ்ரின் ஏ30இல் தொடங்கி, 2000ஆம் ஆண்டு மினியின் கடைசிக் கார் வரை ஓடியது. மினி இருக்கும்வரை அதற்கு உதிரிப்பாகம் இருக்கும். கேம்பிரிட்ஜ் ஏ50 வைத்திருப்பவருக்குத் துணை இந்தியாவில் இருக்கிறது. கல்கத்தாவுக்கு அருகில் உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசிடரின் நெடுங்காலப் பெற்றோல் எஞ்சின் அதே 1489 சிசி குடும்பம். சென்னை புதுப்பேட்டைக் கடைகளில் தேடினால் ஏதோவொன்று அகப்படும். 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது; காங்கேசன்துறை அளவெட்டியிலிருந்து சில மைல்தான். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற உறவினர் மற்றொரு வழி. “மச்சான், சூட்கேசிலை ஒரு கிளச் பிளேற் வைக்க இடமிருக்கோ?” என்ற கேள்வி தொலைபேசியில் கேட்கத்தான் செய்கிறது.

தகர உடற்பாகங்களில் இலங்கைக்கே ஒரு பெருமை உண்டு. இங்கிலாந்தில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், காரைத் தூக்கியெறியாமல் காலமெல்லாம் திருத்தி ஓடலாம் என்று 1980களிலேயே புத்தகம் எழுதி வாதாடியவர். 1990களில் தனபால சமரசேகர என்ற இலங்கைத் தொழிலதிபரோடு சேர்ந்து டியூரபிள் கார் கம்பனியை இங்கே தொடங்கினார். பிறந்த நாட்டு மைனர்களுக்கு வேண்டிய தகரத் துண்டுகளை இலங்கைத் தொழிலாளர் கையால் தட்டி அனுப்பினார்கள். வடக்கில் மைனர்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டிருந்த அதே பத்தாண்டு.

2020 மார்ச்சில் இலங்கை மறுபடி வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி வரை அது நீடித்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பட்டு, கியூஆர் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். மூத்தவர்கள் அந்த வரிசைகளில் நின்றபோது தங்களுக்குள் சிரித்திருப்பார்கள். இறக்குமதி நின்ற ஆண்டுகளில் எல்லாப் பழைய வாகனங்களுக்கும் விலை ஏறியது. கோழி அடைத்து வைத்திருந்த மைனருக்கும் ஆள் வந்து விலை கேட்டார்கள்.

ஆகவே வாங்குகிறவர் கறளுக்கு முன் கடதாசியைப் பார்க்கட்டும். குடாநாட்டுப் பழைய கார்கள் பலவற்றின் பதிவுப் புத்தகம் காணாமற் போயிருக்கும். அல்லது பதிவிலுள்ள உரிமையாளர் இறந்திருப்பார், புலம்பெயர்ந்திருப்பார். இடையில் நாலு கை மாறியிருக்கும், ஒருவரும் பெயர் மாற்றியிருக்க மாட்டார். 1995 ஒக்ரோபர் 30இல் போர் நெருங்கி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது காரின் புத்தகத்தை நினைத்தவர் எத்தனை பேர்? எஞ்சின் இலக்கமும் சட்ட இலக்கமும் பதிவோடு பொருந்த வேண்டும். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும்; நிறம் மாற்றினாலும் அப்படியே. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்று கேட்பார்கள். தேய்ந்த எஞ்சின் அதில் மாட்டிக்கொள்ளும்.

இலக்கத் தகட்டையும் அவசரத்தில் மாற்றிவிடக் கூடாது. 1957க்கு முந்திய கார்களில் ஈஎல், ஈஎன், ஈவை போன்ற ஆங்கில எழுத்துகள். பிந்தியவற்றில் சிங்கள ‘ஸ்ரீ’. அந்த எழுத்தைத் தார் பூசி அழித்ததுதான் 1958இல் வடக்குக் கிழக்கெங்கும் நடந்த ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம். ஒரு தகட்டைப் பார்த்தே கார் ஸ்ரீ எழுத்துக்கு முன் வந்ததா பின் வந்ததா என்று சொல்லிவிடலாம்.

வீட்டில் செய்யக்கூடாதவையும் உள. காரின் அடியில் படுக்குமுன் இரும்புத் தாங்கிகள் வேண்டும். கோறையான சீமெந்துக் கல் பாரம் தாங்குவதுபோல் இருந்து, சொல்லாமல் வெடிக்கும். இரண்டு கலவை கொண்ட நவீன பெயின்ற்றில் ஐசோசயனேற் இருக்கிறது. சாதாரண முகக்கவசத்தை அது பொருட்படுத்தாது, நுரையீரலைக் கெடுக்கும். அந்த வேலை காற்றுக்குழாயுள்ள கவசமும் அறையும் வைத்திருப்பவருக்கு. பூச்சுக்கு முந்திய தேய்ப்பு வேலை முழுவதையும் வீட்டில் முடித்துவிட்டுப் போனால் கூலி பாதியாகும்.

கழிவு ஒயிலிலும் கவனம் வேண்டும். மைனரின் எஞ்சினில் நாலு லீற்றருக்குக் கிட்டப் பிடிக்கும். வேலியோரம் ஊற்றிவிட்டால் செம்மண் உறிஞ்சிவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கீழே சுண்ணக்கல், அதன் வெடிப்புகளில் ஊருக்கெல்லாம் குடிநீர். அளவெட்டிக்கு அருகிலுள்ள சுன்னாகத்தில் மின்னிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்து, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2019இல் மின் உற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பழைய ஒயிலைக் கானில் நிரப்பி, சேர்விஸ் நிலையங்களில் கழிவு ஒயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம். மண்ணெண்ணெயால் பாகங்களைக் கழுவிய அழுக்கும் அதே கானுக்குள்.